அந்த ஒரு படி

கேள்வி:

நான் 36 வயதுப் பெண். உலகெங்கும் பெயர் தெரிந்த ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கடந்த மூன்று ஆண்டுகளாக ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கு நான்தான் பொறுப்பு. சம்பளத்தில் குறை இல்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு வரும் செய்திக்கு உடனே பதில் போகாவிட்டால், மறுநாள் கூட்டத்தில் எங்கள் இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் குத்திக் காட்டுகிறார். ஒருவர் சொன்ன யோசனையை இன்னொருவர் தன் பெயரில் போட்டுக்கொள்வது அன்றாடம் நடக்கிறது. சென்ற மதிப்பீட்டில், பிரசவ விடுப்பு முடிந்து வந்த என் குழுப் பெண் ஒருவருடைய ரேட்டிங்கை ஒரு படி குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன். பொதுவான வேலைச் சூழல் பற்றி மனிதவளத் துறையில் புகார் சொன்னேன். "உங்கள் கருத்தை மதிக்கிறோம்" என்று பதில் வந்ததோடு சரி. அடுத்த ஆண்டு பெரிய அளவில் நிறுவனப் பங்குகள் கைக்கு வர வேண்டும். கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். அண்ணனோ, "உள்ளே நுழைய ஆயிரம் பேர் வரிசையில் நிற்கிறார்கள், நீ வெளியே வருகிறேன் என்கிறாயே" என்று சிரிக்கிறார். இது வெறும் களைப்பா? வேறு குழுவுக்கு மாறினால் சரியாகுமா? வேலையை விட்டுவிடத்தான் வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது இரவுச் செய்திகளும் இயக்குநரின் வாய்த்துடுக்கும்தான் கண்ணில் பட்டன. இரண்டாம் முறை படித்தபோது ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். "குறைத்தேன்." மற்றவற்றையெல்லாம் விளக்கி எழுதிய நீங்கள் அந்த இடத்தில் மட்டும் ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டு அடுத்த வரிக்கு ஓடிவிட்டீர்கள். யார் சொன்னார்கள், என்ன காரணம் காட்டினார்கள், அந்தப் பெண்ணிடம் அதை எப்படிச் சொன்னீர்கள், எதுவும் இல்லை. மனிதர்கள் எந்த இடத்தில் வேகமாக நடக்கிறார்களோ அங்கேதான் முள் இருக்கிறது என்பது இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது.

ஆலோசனை சொல்ல வருவதற்கு முன் பெரிய நிறுவனங்களின் மனிதவளத் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவள் நான். உங்களுக்குப் பதில் வந்ததே, "உங்கள் கருத்தை மதிக்கிறோம்", அந்த வாக்கியத்தை நானே எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. ஆகவே இதை மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுதுவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஜன்னல் இல்லாத கூட்ட அறை. சுவரில் பெரிய திரை. திரையில் ஐந்து பத்திகள், ரேட்டிங்கின் ஒவ்வொரு படிக்கும் ஒன்று; கடைசிப் பத்திதான் மிகக் கீழ்ப் படி. ஒவ்வொரு பத்தியிலும் ஊழியர்களின் பெயர்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக. கடைசிப் பத்தியில் நான்கு பேர் இருந்தாக வேண்டும், மூன்று பேர்தான் இருந்தார்கள். மணி ஏழைத் தாண்டிவிட்டது, எல்லோருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு மேலாளர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "அவர் பாதி வருடம் மருத்துவ விடுப்பில்தானே இருந்தார், சண்டை போட மாட்டார்" என்று ஒரு பெயரைச் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. மௌஸ் என் கையில் இருந்தது. அந்தக் கட்டத்தை இழுத்துக்கொண்டுபோய் கடைசிப் பத்தியில் விட்டேன். விட்டதும் பத்தியின் தலைப்பு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. கணக்கு நேராகிவிட்டதாம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அது என் நல்ல மனதுக்குச் சான்று என்று நினைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டேன். ஆறு மாதம் கழித்து அதே அறை, அதே திரை, இன்னொரு பெயர். அந்த முறை கட்டத்தை இழுக்கும்போது இரவு வீட்டில் என்ன சமைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு நன்றாகவும் தூங்கினேன். உங்களிடம் நான் சொல்ல வந்ததே இந்த இரண்டாவது இரவைப் பற்றித்தான்.

ஊழியர்களை இப்படிப் பத்தி பிரித்து வைக்கும் நடைமுறை வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் தலைமை வகித்த காலத்தில் ஊழியர்களை 20, 70, 10 என்று பிரிக்கும் வழக்கம் புகழ்பெற்றது. மேலே இருக்கும் இருபது விழுக்காட்டினருக்கு வெகுமதி, நடுவில் எழுபது, கீழே இருக்கும் பத்துக்கு வாசல் கதவு. எல்லோரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் யாராவது கீழே இருந்தே தீர வேண்டும். அகப்பட்டவனுக்கு அட்டமத்துச் சனி என்பார்களே, அதை ஒரு நிர்வாகக் கொள்கையாக்கினால் இப்படித்தான் இருக்கும். மைக்ரோசாஃப்ட் இதைப் பல ஆண்டுகள் கடைப்பிடித்துவிட்டு 2013 நவம்பரில் கைவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் தடுக்கி விழுந்தால் தனக்கு லாபம் என்று ஆகிவிட்ட இடத்தில் யார் யாருக்கு உதவுவார்கள்? ஒருவர் யோசனையை இன்னொருவர் தன் பெயரில் போட்டுக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பிறவியிலேயே திருடர்கள் அல்லர். உங்கள் நிறுவனம் எதை எண்ணுகிறதோ அதைச் சேர்க்கிறார்கள்.

இனி உங்கள் மூன்று கேள்விகள்.

இது களைப்பா என்பது முதல் கேள்வி. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில், வேலையால் வரும் இந்தச் சோர்வைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்று 2019-இல் வரையறுத்தது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்போ ஏளனமோ குடியேறுவது, தன் திறமை குறைந்துவிட்டதாகத் தோன்றுவது. இந்த மூன்றும் உங்களிடம் ஓரளவு இருக்கலாம். தூக்கமின்மை, பசியின்மை, காரணமில்லாத அழுகை என்று ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அதற்குப் பத்திரிகை ஆலோசனை போதாது. இல்லையென்றால் இரண்டு வாரம் விடுப்பு எடுங்கள். லேப்டாப்பை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு எடுக்கும் விடுப்பைச் சொல்கிறேன். பத்தாவது நாள் உங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். களைத்தவர்கள் என்னிடம் வந்தால் தூக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள், முதுகுவலியைப் பற்றிப் பேசுவார்கள். இன்னொரு வகையினர் குறிப்பிட்ட ஒரு மனிதரைப் பற்றிப் பேசுவார்கள், அந்த மனிதரின் முகம் அன்று எப்படி இருந்தது என்று சொல்வார்கள். நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வருகிறது என்றால், உங்களுக்கு வந்திருப்பது களைப்பு அல்ல. அதற்கு ஓய்வு மருந்தாகாது.

வேறு குழுவுக்கு மாறினால் சரியாகுமா? சில சமயம் ஆகும். பெரிய நிறுவனம் என்பது ஒரே வீடு அல்ல, நூறு குடித்தனம் இருக்கும் கட்டடம். மூன்றாம் மாடியில் கூச்சல் என்றால் ஏழாம் மாடியில் அமைதியாக இருக்கலாம். இயக்குநர் ஒருவரின் குணம்தான் சிக்கல் என்றால், இடமாற்றம் நல்ல வழி. ராஜினாமாவைவிட மலிவான வழியும்கூட. ஆனால் ரேட்டிங்கைக் குறைக்கச் சொன்னது இயக்குநரின் குணமா, கட்டடத்தின் அஸ்திவாரமா என்பதைப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு வழி இருக்கிறது. கடந்த இரண்டு ஆண்டுகளில் உங்கள் பிரிவிலும் பக்கத்துப் பிரிவுகளிலும் பதவி உயர்வு பெற்றவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். அவர்கள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அடுத்து, கூட்டத்தில் எழுந்து "இது சரியில்லை" என்று சொன்னவர்கள் பெயர்களை எழுதி, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். முதல் பட்டியலில் உங்கள் இயக்குநரின் நகல்களும் இரண்டாம் பட்டியலில் வேலையை விட்டுப் போனவர்களும் மட்டுமே இருந்தால், மாடி மாறுவதில் பயன் இல்லை.

இடமாற்றத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதற்கு உங்கள் தற்போதைய மேலிடத்தின் தயவு வேண்டியிருக்கும். ஊபர் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சூசன் ஃபௌலர், தன் மேலாளர் தகாத முறையில் அணுகியதைப் பற்றிப் புகார் கொடுத்தவர். அந்த மேலாளர் திறமையாகச் செயல்படுபவர், இது அவருடைய முதல் தவறு என்று தனக்குப் பதில் கிடைத்ததாக அவர் எழுதினார். பின்னர் வேறு குழுவுக்குப் போக முயன்றபோது தடுக்கப்பட்டார்; மதிப்பீடு முடிந்த பிறகு தன் மதிப்பெண்ணே மாற்றப்பட்டிருந்தது என்றும் எழுதினார். வேலையை விட்ட பிறகு, 2017 பிப்ரவரியில், அங்கே இருந்த ஓராண்டு அனுபவத்தை நிதானமான மொழியில் வெளியிட்டார். விசாரணைகள் நடந்தன, இருபதுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள், அந்த ஜூன் மாதமே நிறுவனத் தலைவர் டிராவிஸ் கலானிக் பதவி விலகினார். நீங்களும் இப்படி எழுதுங்கள் என்று சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அப்படி ஒரு முடிவு கிடைப்பதில்லை. எழுதியவர் மேலேயே பழி விழுந்த கதைகளும் உண்டு. நான் காட்ட விரும்புவது அந்த மதிப்பெண்ணை. ஒருவரை அடக்கி வைக்கத் திட்டவோ மிரட்டவோ வேண்டியதில்லை, ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். அந்தக் கருவி உங்கள் கையிலும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து, மனிதவளத் துறை. நீங்கள் "பொதுவான வேலைச் சூழல்" பற்றிப் புகார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பொதுவான புகாருக்குப் பொதுவான பதில்தான் வரும். அந்தத் துறையில் நல்லவர்கள் நிறைய பேர் உண்டு, நானும் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தத் துறைக்குச் சம்பளம் தருவது நிறுவனம். நிறுவனத்துக்குச் சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் முதல் வேலை. "இங்கே யாருக்கும் மரியாதை இல்லை" என்று ஒருவர் சொன்னால் எங்களுக்கு அது ஒரு வருத்தம், அவ்வளவே. "இன்ன தேதியில், இன்ன கூட்டத்தில், பிரசவ விடுப்பைக் காரணம் காட்டி இன்னாருடைய மதிப்பீட்டைக் குறைக்கச் சொன்னார்கள்" என்று எழுத்தில் வந்தால் அந்தக் காகிதத்தை எங்களால் மேசை இழுப்பறைக்குள் போட முடியாது. சட்டத் துறைக்குப் போயாக வேண்டும். பிரசவமும் தாய்மையும் வேலையில் பாகுபாட்டுக்குக் காரணமாகக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு 183-ஆம் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. பல நாடுகளின் சட்டங்களிலும் இருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். மதிப்பீட்டில் கையெழுத்திட்டவர் நீங்கள் என்பதால் உங்கள் பொறுப்பு என்ன என்றும் கேளுங்கள். புகார் எழுதுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரக் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் ஒரு விஷயத்தை விளக்கினார். ஓர் அமைப்பு கெட்டுப்போகும்போது உள்ளே இருப்பவர்களுக்கு இரண்டு வழி: வெளியேறலாம், அல்லது குரல் கொடுக்கலாம். விசுவாசம் இருப்பவர்கள் சட்டென்று வெளியேறுவதில்லை. ஒருநாள் திருந்தும் என்று தங்கிக் குரல் கொடுக்கிறார்கள். இதை என் அனுபவத்தோடு வைத்துப் பார்த்தால் மூன்றாவதாக ஒரு கூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. வெளியேறவும் மாட்டார்கள், குரலும் கொடுக்க மாட்டார்கள், மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பார்கள். அலுவலகத்தில் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளைகள் மேல் எரிந்து விழுவார்கள். இரண்டாவது இரவுக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் நான் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

குரல் கொடுத்தால் என்ன ஆகும்? 2018 நவம்பர் 1 அன்று கூகுள் ஊழியர்கள் சுமார் இருபதாயிரம் பேர், பாலியல் புகார்களை நிறுவனம் கையாண்ட விதத்தைக் கண்டித்து உலகின் பல நகரங்களில் அலுவலகத்தை விட்டு வெளியே வந்து நின்றார்கள். ஒரே வாரத்தில் நிறுவனம் சில விதிகளை மாற்றியது. அப்படிப்பட்ட புகார்களை நீதிமன்றத்துக்குப் போகவிடாமல் கட்டாய நடுவர் தீர்ப்புக்கு அனுப்பும் வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அதே சமயம், போராட்டத்தை ஒருங்கிணைத்தவர்களில் இருவர், தங்களை நிறுவனம் பழிவாங்குவதாகச் சொல்லி அடுத்த ஆண்டு வெளியேறினார்கள். நிறுவனம் அதை மறுத்தது. இரண்டும் நடந்தவை. இருபதாயிரம் பேரோடு நிற்கும் குரலும் தனி ஆளாக நிற்கும் குரலும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே தனி ஆளாக உங்களால் முடிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அடுத்த மதிப்பீடு எப்போது? பெரும்பாலான நிறுவனங்களில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ நடக்கும், உங்களுக்குத் தேதி தெரிந்திருக்கும். அந்தத் தேதிதான் உங்கள் கெடு. பங்குகள் வரும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருப்பீர்கள். அதை விடுங்கள், இதை வட்டமிடுங்கள். அந்தத் தேதிக்குள் வேறு வேலை கிடைத்துவிட்டால், அந்த அறைக்குள் மீண்டும் போகாமலேயே கிளம்பிவிடுங்கள். கிடைக்காவிட்டால் போங்கள். யாருடைய ரேட்டிங்கையாவது காரணமில்லாமல் குறைக்கச் சொன்னால், குரலை உயர்த்தாமல், "எந்த வேலையின் அடிப்படையில் என்று எழுதிக் கொடுங்கள், மாற்றிவிடுகிறேன்" என்று கேளுங்கள். இதற்கு என்ன பதில் வருகிறது என்பதில் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் மூன்றாவது கேள்விக்கும் விடை இருக்கும். "சரி, விடுங்கள்" என்று பின்வாங்கினால் அங்கே இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது, இடமாற்றத்தைப் பற்றி யோசிக்கலாம். முகம் இறுகி, அடுத்த வாரமே உங்கள் பொறுப்புகள் ஒவ்வொன்றாக வேறு ஆளுக்குப் போகத் தொடங்கினால், எட்டு ஆண்டுகளில் தெரியாதது ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. இதில் ஆபத்து இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் வேறு வேலை தேடுவதை இன்றே தொடங்கச் சொல்கிறேன். கையில் வேலை இருக்கும்போது நேர்காணலுக்குப் போகிறவருக்குச் சம்பளம் பேசும்போது குரல் நடுங்காது.

பணத்துக்கு வருவோம். இந்தப் பங்குகள் நான்கு ஆண்டுகளில் தவணை தவணையாகக் கைக்கு வரும்படிதான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். ஆள் நன்றாக வேலை செய்தால் நடுவில் புதிதாக ஒரு தொகுதி ஒதுக்குவார்கள், அதற்கு இன்னொரு நான்கு ஆண்டு. ஆகவே எந்த ஆண்டு கணக்குப் பார்த்தாலும் "அடுத்த ஆண்டு" பெரிய தொகை வர வேண்டியிருக்கும். இலவு காத்த கிளியாவது ஒரு பருவம்தான் காத்திருந்தது. எட்டு ஆண்டுகளில் உங்களுக்கு வந்த பங்குகளை ஏற்கெனவே வாங்கியிருக்கிறீர்கள், அவை உங்களுடையவை. வராதவற்றின் இன்றைய மதிப்பை, வரி போக, எழுதுங்கள். அதை நீங்கள் இன்னும் இருக்க வேண்டிய மாதங்களால் வகுங்கள். மாதத்துக்கு ஒரு தொகை வரும். அந்தத் தொகையை யாராவது கையில் கொடுத்து, "இந்த மாதம் இன்னொரு பெண்ணின் ரேட்டிங்கைக் குறை" என்றால் வாங்குவீர்களா? கேள்வி கடுமையாக இருப்பது தெரியும். சிலருக்கு அதற்கு விடை "ஆம்" என்றும் இருக்கும். வீட்டுக் கடனும் வயதான பெற்றோரின் மருத்துவச் செலவும் இருப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விடையை எண்ணிக்கையோடு சொல்லுங்கள், "பெரிய தொகை" என்ற மூட்டத்துக்குள் நின்று சொல்லாதீர்கள். பங்குகள் வரும் தேதி மூன்று மாதத்தில் வருகிறது, மதிப்பீடு ஐந்து மாதத்தில் வருகிறது என்றால், தாராளமாக வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உழைத்த காசு.

மற்ற கணக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாத வீட்டுச் செலவு கையிருப்பில் இருக்கட்டும். மருத்துவக் காப்பீடு நிறுவனத்தின் மூலம் மட்டும்தான் என்றால், கிளம்பும் முன் சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் வேலை விசாவில் இருந்தால் வேலை போன பிறகு எத்தனை நாள் தங்கலாம் என்று பாருங்கள். அமெரிக்காவில் ஹெச்1பி விசாவுக்கு அது அதிகபட்சம் 60 நாள்தான். நோட்டீஸ் காலம், போட்டி நிறுவனத்தில் சேருவதற்குத் தடை, போனஸைத் திருப்பித் தரும் நிபந்தனை இவை உங்கள் ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். சேரும் நாளில் கையெழுத்திட்ட அந்தக் காகிதத்தை ராஜினாமா செய்யும் நாளில்தான் முதன்முதலாகப் படிக்கிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

நடந்தவற்றை உங்கள் சொந்த வார்த்தைகளில், வீட்டில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். ஆனால் அலுவலக மின்னஞ்சலையோ மதிப்பீட்டுக் கோப்புகளையோ உங்கள் சொந்த முகவரிக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும், இந்த ஒரு காரியத்தால் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களை எனக்குத் தெரியும். எதை எடுத்து வைக்கலாம், எதைக் கூடாது என்பதையும் அந்த வழக்கறிஞரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எருதின் நோவு காக்கைக்குத் தெரியாது. தங்கை இன்ன நிறுவனத்தில் இருக்கிறாள் என்று நாலு பேரிடம் சொல்லும்போது அவருக்கு ஒரு நிமிர்வு வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கும், எட்டு ஆண்டுகள் உங்கள் பெயருக்கு முன்னால் அந்தப் பெயர் நடந்திருக்கிறது. விட்ட பிறகு முதல் சில மாதங்கள், புதியவர்களிடம் அறிமுகம் செய்துகொள்ளும்போது வாய் ஒரு கணம் தடுமாறும். எனக்குத் தடுமாறியது. அந்தத் தடுமாற்றத்தைத் தவறான முடிவு எடுத்துவிட்டதன் அறிகுறி என்று எண்ணிவிடாதீர்கள். வரிசையில் ஆயிரம் பேர் நிற்கிறார்களே என்றால், வரிசை வாசலில்தான் இருக்கிறது. உள்ளே நடப்பது வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியாது.

புதிய இடத்தைத் தேடும்போது இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது நினைவில் இருக்கட்டும். "உங்கள் நிறுவனத்தின் பண்பாடு எப்படி?" என்று நேர்காணலில் கேட்காதீர்கள், மனப்பாடம் செய்த பதில்தான் வரும். "இந்தக் குழுவிலிருந்து கடைசியாக வெளியேறியவர் ஏன் போனார்?" என்று கேளுங்கள். "போன முறை ஒரு வேலை கெடுவுக்குள் முடியாமல் போனபோது என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "நீண்ட விடுப்பிலிருந்து திரும்புகிறவர்களின் மதிப்பீட்டை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று அவசியம் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு ஒருவர் உடனே பதில் சொன்னால் அங்கே ஒரு முறை இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தால் இல்லை. முடிந்தால் அங்கே வேலை பார்த்துவிட்டு வந்த இரண்டு பேரிடம் பேசுங்கள். இருப்பவர்களைவிட வந்தவர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள்.

ராஜினாமா கடிதம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். இன்ன தேதியோடு விலகுகிறேன், பொறுப்புகளை ஒப்படைத்துவிடுகிறேன், வாய்ப்புக்கு நன்றி. எட்டு ஆண்டுக் கோபத்தை அதில் கொட்டினால் படிப்பது என்னைப் போன்ற ஒருத்திதான், படித்துவிட்டுக் கோப்பில் வைத்துவிடுவாள். கிளம்பும்போது நடத்தும் எக்ஸிட் இன்டர்வியூவில் இயக்குநரின் குணத்தைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். வழக்கறிஞர் சரி என்று சொன்னால், அங்கே ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: அந்த மதிப்பீடு. முன்பே எழுத்தில் கொடுத்திருந்தால் அதை நினைவூட்டுங்கள், கொடுக்கவில்லை என்றால் அன்று கொடுங்கள்.

கடைசியாக, அந்தப் பெண். நீங்கள் கேட்காத கேள்வி இது. அவர் இன்னும் உங்கள் குழுவில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். ஒரு படி குறைந்ததால் அவருடைய போனஸ் குறைந்திருக்கும், பதவி உயர்வு தள்ளிப் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை பிறந்த பிறகு தன் திறமைதான் மழுங்கிவிட்டது போலிருக்கிறது என்று அவர் நம்பத் தொடங்கியிருப்பார். நீங்கள் வேலையை விட்டால் உங்கள் பாரம் இறங்கும், அவருடைய கோப்பில் இருக்கும் எண் அப்படியே இருக்கும். நீங்கள் அங்கே இருக்கும்வரைதான் அதைத் தொட உங்களுக்கு அதிகாரம் உண்டு. ஆகவே தேதி குறித்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலைகளில் இதை முதலில் வையுங்கள். அவர் விடுப்பிலிருந்து திரும்பிய பிறகு செய்த வேலைகளை வரிசையாக எழுதி, மதிப்பீட்டைத் திருத்தக் கோரி உங்கள் பெயரில் ஒரு குறிப்பை நிறுவனத்தின் பதிவேட்டிலேயே சேருங்கள். மறுத்துவிட்டாலும் அந்தக் குறிப்பு அங்கே இருக்கும். பின்னால் அவர் கேள்வி கேட்டால் அவருக்குத் துணை நிற்கும். வெளியே வேறு வேலை தேடுகிறார் என்றால், அவருக்காகப் பேச நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரியப்படுத்துங்கள்.

அவரிடம் நேரில் சொல்வதா என்பதைச் சட்டக் கோணத்தில் வழக்கறிஞர் சொல்லட்டும். சொல்லலாம் என்றால், அலுவலகத்துக்கு வெளியே, அரை மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு சொல்லுங்கள். மன்னிப்பைக் கேட்டுவிட்டு அவர் உங்களைத் தேற்ற வேண்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். "உங்கள் வேலையில் குறை இல்லை, ரேட்டிங்கைக் குறைத்தது நான்" என்ற அளவுக்குச் சொன்னால் போதும். அவர் கோபப்படலாம், எழுந்து போகலாம். நான் கடைசிப் பத்திக்கு இழுத்துவிட்ட அந்த மனிதரை, நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு ரயில் நிலையத்தில் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார், கையில் இருந்த பையனை அறிமுகப்படுத்தினார். அவருக்கு ஒன்றுமே தெரியாது. ரயில் வரும்வரை பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். நான் சொல்லவில்லை.